வயது 37, பெயர் இல்லை: கென்னடியின் முதுகுச் சத்திரசிகிச்சை

1955 நவம்பரில் அமெரிக்கச் சத்திரசிகிச்சைச் சஞ்சிகை ஒன்றில், அதிரீனல் சுரப்பி செயலிழந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்வது பற்றிய கட்டுரை வெளியானது. அதில் குறிப்பிடப்பட்ட நோயாளிகளில் ஒருவர் 37 வயது ஆண். பெயர் இல்லை. அவர்தான் அப்போதைய மசாசூசெட்ஸ் செனட்டர் ஜோன் எஃப். கென்னடி.

அவருக்கு அடிசன் நோய் இருப்பது 1947இல் லண்டனில் கண்டறியப்பட்டது. சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோலைச் சுரக்காமல் போகும் நோய் அது. அன்றிலிருந்து அவரது உயிர் ஸ்டீரொய்ட் மருந்தில் தங்கியிருந்தது. முதலில் தொடையில் தோலுக்கடியில் வைத்த வில்லைகள், பின்னர் கோர்ட்டிசோன்.

1954இல் முதுகுவலி முற்றி, ஊன்றுகோலில்தான் நடமாடினார். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்தால் கிருமித்தொற்றே உயிரைப் பறிக்கலாம் என்று எச்சரிக்கப்பட்டது. கத்தி பட்டதும் சாதாரண உடல் கோர்ட்டிசோலை அதிகமாகச் சுரந்து அதிர்ச்சியைத் தாங்கும். கென்னடியின் உடலால் அது முடியாது. ஸ்டீரொய்டைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கூட்டினாலோ நோயெதிர்ப்புச் சக்தி குறையும், காயம் ஆறத் தாமதமாகும். இரண்டுக்கும் நடுவில் வைத்தியர்களுக்கு ஒடுங்கிய பாதைதான் இருந்தது. ஊன்றுகோலோடு வாழ்வதைவிட அந்த ஆபத்தையே அவர் தெரிவு செய்தார்.

ஒக்டோபர் 21ஆம் திகதி நியூயோர்க்கில் வைத்தியர் பிலிப் வில்சனின் குழு முதுகில் உலோகத் தகடு பொருத்தியது. சில நாட்களில் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு அவர் சுயநினைவை இழந்தார். இறுதிச் சடங்குக்குப் பாதிரியார் அழைக்கப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் காயம் ஆறவில்லை. 1955 பெப்ரவரியில் மீண்டும் திறந்து தகட்டை அகற்றினார்கள். மே மாதம்தான் செனட்டுக்குத் திரும்பினார்.

1960 தேர்தல் களத்தில் லிண்டன் ஜோன்சன் தரப்பு அடிசன் நோய் பற்றிப் பேச்செடுத்தது. கென்னடி தரப்பு மறுத்தது. காசநோயால் வரும் அடிசன் நோய் இல்லை என்று சொல்லைச் சுற்றி வளைத்த மறுப்பு அது. செய்தித்துறையில் இருப்பவள் என்பதால் எனக்கு உறுத்துவது வேறொன்று: அந்தச் சஞ்சிகை அப்போது ஐந்து வருடங்களாக நூலகங்களில் கிடந்தது.

கட்டுரையிலிருந்த வயதையும் சத்திரசிகிச்சைத் திகதிகளையும் பழைய பத்திரிகைச் செய்திகளோடு ஒப்பிட்டு அந்த 37 வயது ஆண் யார் என்பதை 1967இல் வெளியிட்டவர், கன்சாஸைச் சேர்ந்த நோயியல் வைத்தியர் ஜோன் நிக்கல்ஸ். அப்போது கென்னடி கொல்லப்பட்டு நான்கு வருடங்களாகியிருந்தன.