நோவை நீக்க உழைத்து நொந்து மடிந்த பல் வைத்தியர் ஹொறஸ் வெல்ஸ்



பல்லுக்கொதி வந்த இரவு எவ்வளவு நீளமானது என்பதை உங்களிற் பலர் அனுபவத்தில் அறிவீர்கள். கராம்பை நசித்துக் கொடுப்புக்குள் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்திருப்பீர்கள். விடிந்ததும் பல் வைத்தியரிடம் போகிறீர்கள். அவர் ஊசி போட்டு முரசை விறைக்கச் செய்கிறார். சிறிது நேரத்தில் பல் வெளியே வந்துவிடுகிறது. நீங்களோ பெரிய நோ எதையும் உணரவில்லை. இந்த ஆறுதல் உங்களுக்குக் கிடைப்பதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் தம் வாழ்வையே அதற்கு விலையாகக் கொடுத்தார் என்பதை அறிவீர்களா?

ஹொறஸ் வெல்ஸ் 1815ஆம் ஆண்டு தை மாதம் 21ஆம் திகதி அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திற் பிறந்தார். பொஸ்டன் நகரிற் பல் வைத்தியம் பயின்று, 1836இல் கனெக்ரிக்கட் மாநிலத்தின் ஹாட்போட் நகரில் தொழிலைத் தொடங்கினார். 1838இல் பற்களின் பராமரிப்பைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். அதே ஆண்டில் எலிசபெத் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

அந்நாட்களிற் பல் பிடுங்குவது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். விறைப்பு ஊசி இல்லை. மயக்க மருந்தும் இல்லை. நோயாளி கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு அலறுவார். பல்லுக்கொதியுற்ற கத்தோலிக்க மக்கள், 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரிற் பற்கள் உடைக்கப்பட்டு வேதசாட்சியாக மரித்த புனித அப்பொலோனியாவை நோக்கி மன்றாடுவார்கள். (அப் புனிதையின் திருநாள் மாசி 9.) இளகிய மனம் படைத்த வெல்ஸ், தம் நோயாளிகளின் அலறலைத் தாங்க இயலாது வருந்தினார்.

1844 மார்கழி 10ஆம் திகதி இரவு, கோல்ற்றன் என்பவர் ஹாட்போட்டில் ஒரு காட்சி நடத்தினார். சிரிப்பு வாயு எனப்படும் நைதரசு ஒட்சைட்டை முகர்ந்தவர்கள் சிரித்தும் ஆடியும் சபையை மகிழ்விப்பதே அக் காட்சி. வாயுவை முகர்ந்த ஓர் இளைஞன் துள்ளிக் குதித்ததிற் காலில் அடிபட்டு இரத்தம் வடிந்தது. அவனோ அதை உணரவேயில்லை. எல்லோரும் சிரித்தார்கள், வெல்ஸ் மட்டும் சிந்தித்தார். இவ் வாயு சத்திர சிகிச்சைக்கு உதவலாம் என்று ஹம்பிரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1800ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தும், ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாட் காலையில் வெல்ஸ் தமது வாயையே பரிசோதனைக்குக் கொடுத்தார். கோல்ற்றன் வாயுவைக் கொடுக்க, ஜோன் றிக்ஸ் என்னும் பல் வைத்தியர் வெல்ஸின் கொடுப்புப் பல்லொன்றைப் பிடுங்கினார். கண்விழித்த வெல்ஸ் பெருமகிழ்ச்சி கொண்டார். அடுத்து வந்த வாரங்களிற் பத்துப் பதினைந்து பேருக்கு இவ்வாறே சிகிச்சை செய்தார். அறிந்ததைத் தமக்கென மறைத்து வைக்கவும், அதற்குக் காப்புரிமை பெறவும் அவர் விரும்பவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றைப் போல அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமென்பதே அவரது எண்ணம்.

1845 தை மாதத்தில் வெல்ஸ் பொஸ்டன் சென்று மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் ஒருவருக்குப் பல் பிடுங்கிக் காட்டினார். வாயுப் பையை வேளைக்கு முன்பே எடுத்துவிட்டமையால் நோயாளி முனகினார். பெரிய நோ தமக்கு இருக்கவில்லை என்று அவர் பின்னர் சொன்னாராம். ஆனால் அதைக் கேட்க அங்கு எவரும் காத்திருக்கவில்லை. கூடியிருந்தவர்கள் கூச்சலிட்டு, இது வெறும் ஏமாற்று என்று எள்ளி நகையாடினர். வெல்ஸ் மனமுடைந்து ஊர் திரும்பினார். நோயுற்றுத் தொழிலையும் விட்டுவிட்டார்.

இருபது மாதங்கள் சென்றபின், 1846 ஐப்பசி 16இல், அதே நகரில் ஈதர் மருந்தைக் கொண்டு நோவில்லாத சத்திர சிகிச்சை நடந்தது. மருந்தைக் கொடுத்தவர் வெல்ஸிடம் தொழில் பழகிய வில்லியம் மோட்டன். உலகம் அவரைப் புகழ்ந்தது. முதலில் வழி கண்டவர் யார் என்ற பிணக்கு அன்று தொடங்கி நெடுங்காலம் நீடித்தது. வெல்ஸ் 1847இற் பரிஸ் சென்று தமது உரிமையை எடுத்துரைத்தார்.

1848இன் தொடக்கத்தில் நியூயோர்க் வந்த வெல்ஸ், குளோரோபோமைத் தம்மிலேயே சோதித்தார். நாளுக்கு நாள் முகர்ந்ததில் அவரது புத்தி பேதலித்தது. தமது முப்பத்துமூன்றாவது பிறந்த நாளன்று தெருவிற் பெண்கள் மீது அமிலத்தை வீசிச் சிறைப்பட்டார். தெளிவு திரும்பியபோது தாம் செய்ததை எண்ணித் தாங்க முடியாதவராய், தை 24ஆம் திகதி சிறையிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நோவற்ற சத்திர சிகிச்சையைக் கண்டவர் அவரே எனப் பரிஸ் மருத்துவச் சங்கம் பாராட்டிய செய்தி அவரை எட்டும் முன்பே அவர் மறைந்துவிட்டார்.

1863இல் கோல்ற்றன் அதே வாயுவைப் பல் வைத்தியத்துக்கு மீண்டும் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கானோருக்கு நோவின்றிப் பல் பிடுங்க வழிசெய்தார். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 1864இல் வெல்ஸின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஹாட்போட்டில் அவருக்கு 1875இற் சிலை எழுந்தது. இன்றும் பயந்த பிள்ளைகளுக்கு அவ் வாயுவை ஒட்சிசனுடன் கலந்து கொடுக்கின்றனர். விறைப்பு ஊசிக்குரிய லிடோகெயின் என்னும் மருந்து 1943இற் சுவீடனில் உருவாக்கப்பட்டது.

நோவைப் பொறுப்பதல்லவா கிறிஸ்தவனுக்கு அழகு என்று உங்களிற் சிலர் கேட்கலாம். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 மாசி 24இல் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு விடை தந்தார். துன்பத்தை மனமுவந்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது நன்று. ஆயினும் வைத்தியரின் உதவியால் நோவைத் தணிப்பது பாவமன்று என்பதே அவர் போதனையின் சாரம்.

ஆகையால் மருந்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அறிவோடு பாவியுங்கள். நோவு மாத்திரை கொதியை அடக்குமேயன்றி, பல்லின் வேரிலுள்ள சீழை அகற்றாது. அஸ்பிரினை முரசில் வைத்தால் அவ்விடம் வெந்துவிடும். பிள்ளைகளுக்கோ வைத்தியர் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோபன் வீக்கத்தையும் தணிக்கும். ஆனால் குடற்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் அதை எடுக்கலாகாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெல்ஸின் பல்லைப் பிடுங்கிய றிக்ஸ், பல்லடியிற் படியும் காறையை அகற்றி முரசு நோயைக் குணமாக்கும் முறையைப் பிற்காலத்திற் பரப்பினார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நோவு வருமுன் காப்பதே மேல்.

இறுதியாக ஒன்று. வெல்ஸ் எவ்வாறு இறந்தார் என்று தீர்ப்பிட நாம் யார்? மனம் பேதலித்த நிலையில் மனிதனின் பொறுப்புக் குறையலாம் என்றும், அத்தகையோரின் மீட்பையிட்டு நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் திருச்சபை போதிக்கிறது. அவர்களுக்காக அது மன்றாடுகிறது, நாமும் மன்றாடுவோம். உங்கள் வீட்டிலோ அயலிலோ மனம் நொந்து ஒதுங்கி இருப்பவர் உண்டா? இன்றே அவரிடம் செல்லுங்கள். பக்கத்தில் இருந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். பங்குக் குருவிடமும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அன்று பொஸ்டனிற் சிரித்தவர்களுள் ஒருவராவது எழுந்து வெல்ஸின் தோளிற் கை வைத்திருந்தால், அதுவே அவருக்குப் பெரிய மருந்தாக இருந்திருக்கும்.