கறுப்பு மணலும் க்ரோலும்

டைட்டானியத்தின் தாதுவைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. தெற்கே மணவாளக்குறிச்சியிலும் வடக்கே சவறாவிலும் கரையெல்லாம் இல்மனைட் என்னும் கறுப்பு மணல் கிடக்கிறது. பழவங்காடியிலிருந்து சிறிது தூரம் போனால் கொச்சுவேளியில் டைட்டானியம் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் இந்தத் தாதுவிலிருந்து உலோகத்தைத் தொழில் முறையில் பிரிக்க வழி கண்டவரோ, கடலே இல்லாத லக்ஸம்பர்க் நாட்டுக்காரர். வில்லியம் ஜஸ்டின் க்ரோல் என்பது அவர் பெயர். நம் பாடப் புத்தகங்கள் அவரை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை.

1889இல், இரும்பு உருக்கும் ஊராகிய எஷ் நகரில் பிறந்தார். பெர்லினில் படித்துப் பட்டம் பெற்றபின் சொந்த நாடு திரும்பி, தம் வீட்டிலேயே சோதனைச்சாலை அமைத்துக்கொண்டார். பெரிய சர்வகலாசாலையின் துணை அவருக்கு இல்லை.

டைட்டானியத்துக்கும் பிராணவாயுவுக்கும் உள்ள பந்தம் சாமானியமானதன்று. இரும்புத் தாதுவைப்போல் கரியிட்டுக் காய்ச்சினால் டைட்டானியம் கரியோடு கூடி கார்பைடாகிவிடும். மாக்னீசியம் போன்ற தீவிர உலோகத்தை ஆக்சைடின்மேல் ஏவினாலும் பிராணவாயு முழுவதும் வெளியேறாது. ஒரு பங்கு உலோகத்துக்குள்ளேயே கரைந்து பதுங்கிக்கொள்ளும். நூற்றுக்கு ஒரு பங்கு தங்கினாலும் போதும், உலோகம் நொறுங்கும். கம்பியாக இழுக்க வராது. கால்சியம் இன்னும் வலியது, மேலும் பிராணவாயுவைப் பறிக்கும். ஆனால் விலை அதிகம். 1910இல் ஹன்ட்டர் என்ற அமெரிக்கர் சோடியத்தைக் கொண்டு சுத்த டைட்டானியம் எடுத்துக் காட்டினார். அது சிறிய அளவிலேயே நின்றது.

க்ரோல் முறையில் பிராணவாயு முன்னதாகவே கழிக்கப்படுகிறது. தாதுவைக் கரியுடன் சேர்த்து க்ளோரினில் சுட்டால் டைட்டானியம் டெட்ராக்ளோரைடு என்ற திரவம் கிடைக்கும். அதை வடித்துச் சுத்தம் செய்து, ஆர்கான் நிரம்பிய கலத்துக்குள், உருகிய மாக்னீசியத்தின்மேல் விடுவார்கள். மாக்னீசியம் க்ளோரினைப் பறித்துக்கொள்ள, டைட்டானியம் பஞ்சுபோல் மிஞ்சும். கலத்துக்குள் காற்று நுழைந்தால் பாடுபட்டதெல்லாம் பாழ். ஆர்கான் பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்து பழகிய எனக்கு, 1930களில் ஒருவர் வீட்டில் இதைச் சாதித்தார் என்பது இன்னும் வியப்புத்தான்.

1938இல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் வாசலேறினார். யாரும் வாங்கவில்லை. 1940 மே மாதம் ஜெர்மன் படை லக்ஸம்பர்க்கில் புகுந்தது. அதற்குச் சற்று முன்பே அவர் அமெரிக்கா சேர்ந்திருந்தார். ஜூனில் அவருக்கு அங்கே பேட்டன்ட் கிடைத்தது. யுத்தம் முற்றியபோது அமெரிக்க அரசாங்கம் அதை எதிரியின் சொத்து என்று பறிமுதல் செய்தது! ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவரை எதிரியென்று பதிவேட்டில் எழுதிய நியாயம் எனக்கு விளங்கவில்லை.

அப்படியிருந்தும் 1945 முதல் அதே அரசாங்கத்தின் சுரங்க இலாகாவில், ஆரெகன் மாநிலத்து ஆல்பனியில் வேலை பார்த்தார். அங்கே ஸிர்க்கோனியத்தையும் இதே வழியில் எடுத்தார். 1954இல் நீரில் இறங்கிய நாட்டிலஸ் என்ற அணுசக்தி நீர்மூழ்கியின் உலைக்கு அந்த உலோகம் பயன்பட்டது. 1948இல் டூ பான்ட் கம்பெனி டைட்டானியத்தை வியாபார அளவில் செய்யத் தொடங்கியது. ஆகாய விமானங்களுக்கு அது இன்றியமையாததாயிற்று. க்ரோல் 1973இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் காலமானார்.

நம் கொச்சுவேளி ஆலை மணலைக் கந்தகாமிலத்தில் கரைத்து வெள்ளைச் சாயம் செய்வதற்காக எழுந்தது. உலோகம் அதன் வேலையன்று. பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் செய்பவர்களுக்கோ உலோகம் வேண்டும். நம் மணல் சாயமாகப் போக, உலோகம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2011இல்தான் சவறாவில், ஆண்டுக்கு 500 டன் செய்யவல்ல டைட்டானியப் பஞ்சு ஆலை திறக்கப்பட்டது. அங்கே நடப்பதும் க்ரோல் முறைதான்: க்ளோரின், ஆர்கான், உருகிய மாக்னீசியம்.