விழுப்புரத்தில் இரயில் மாறிய கணித மேதை

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதியவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால், இராமானுஜன் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். பட்டமும் வேலையுமின்றி வறுமையில் சில ஆண்டுகள் கழிந்தன.

1910ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நம் விழுப்புரம் சந்திப்பில் இரயில் மாறித் திருக்கோவிலூர் சென்றார். ஆங்குத் துணைக் கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுஜன் அவரிடம் வேண்டியது எழுத்தர் வேலை. அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிய ஐயரோ, இத்தகைய அறிவை அலுவலக மேசையில் முடக்கலாகாது எனக் கருதி, அறிமுகக் கடிதம் தந்து சென்னைக்கு அனுப்பினார்.

அதன்பின் உதவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1913இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பகா எண்கள் பற்றிய சில முடிவுகள் பிழையாயிருந்தன. ஹார்டி பிழைகளுக்காக அவரைத் தள்ளிவிடவில்லை. 1914இல் இங்கிலாந்துக்கு வரவழைத்தார்.

1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7 போன்றவை பகா எண்கள். 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு; 10க்கும் 20க்கும் இடையே 11, 13, 17, 19 உள்ளன. இதனை ரஷிய அறிஞர் செபிஷேவ் முன்பே நிறுவியிருந்தார். இராமானுஜன் 1919இல் மிகச் சுருக்கமான நிறுவல் தந்ததோடு, 11 முதல் எந்த எண்ணை எடுப்பினும், அதன் பாதியைத் தாண்டி அவ்வெண் முடிய இரண்டு பகா எண்களேனும் அமையும் என்றும் காட்டினார். 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து. 2, 11, 17, 29, 41 எனத் தொடரும் இவை இன்று இராமானுஜன் பகா எண்கள் எனப்படுகின்றன. 1916இல் அவர் ஆராய்ந்த டௌ சார்பின் மதிப்புகளுள் முதலாவதாக வரும் பகா எண்ணை 1965இல் லெமர் அறிவித்தார். குறை குறியை நீக்கினால் அது 80561663527802406257321747. 26 இலக்கங்கள் கொண்டது!

1918இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரான இராமானுஜன், 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

வறுமை அவரை வாட்டியது உண்மை. எனினும் துணைக் கலெக்டரின் வாயிற்படியை மிதிக்கச் சாதி அவரைத் தடுக்கவில்லை. அதே 1910இல் நம் சேரிப் பிள்ளையொருவன் குறிப்பேட்டோடு சென்றிருப்பின், அதனை வாங்கிப் பார்த்திருப்பவர் எத்தனை பேர்? பள்ளி வாயிலே அடைபட்டிருந்த நம் முன்னோருள் எத்தனை கணித அறிவு எழுதப்படாமலே மறைந்ததோ!

ஆகவே, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் கல்விக் கழகத்தை நாடிவரும் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு நாம் நின்றுவிடலாகாது. தேர்வில் தவறியவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவர்தம் குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பதும், அடுத்த ஊருக்குக் கடிதம் கொடுத்தனுப்புவதும், படிப்பு முடியும்வரை உணவுக்கு வழிசெய்வதும் நம் கடமையாம்.