அறிவியல் பட்டம் இல்லாத அறிவியல் மேதை



எனக்குச் சொந்த ஊர் பெரும்பாறை. வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி பஸ்ஸில் மலை ஏறினால் வரும். காப்பி, மிளகு, மலைவாழை. இவற்றுக்கு நடுவே எங்க பார்த்தாலும் உண்ணிச்செடி. மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸுமாகப் பூக்கும் அந்தச் செடியை வெட்டி எறிவதற்குத் தவிர நாங்கள் தொட்டதே இல்லை. அதே செடியின் முன்னால் நின்று, எந்த நிறப் பூவுக்கு எந்தப் பட்டாம்பூச்சி வருகிறது என்று எண்ணிய ஒருவர் விஞ்ஞானி ஆனார் என்றால் நம்புவீர்களா? அவருக்கு வழிகாட்டிய பெரியவர்தான் நம் கட்டுரையின் நாயகர், ஜே.பி.எஸ். ஹால்டேன்.

1892 நவம்பர் 5-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கக் காற்றை ஆராய்ந்தவர். சின்னப் பையனை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், நின்றபடி ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது, கால் மடங்கியது, பையன் தரையில் விழுந்தான். விழுந்ததும் மூச்சு சரியாகிவிட்டது! மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும். இந்தப் பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, உடம்பால் படித்தார்.

கல்லூரியில் அவர் படித்தது முதலில் கணிதம், பிறகு கிரேக்க லத்தீன் இலக்கியமும் தத்துவமும். அறிவியலில் அவரிடம் பட்டமே கிடையாது! ஆனாலும் முதல் உலகப் போர் முடிந்து வந்தவர், 1923-ல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பிக்கப் போனார். 1933 முதல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர்.

அவர் செய்த பெரிய காரியம் என்ன? ஒரு பட்டாணிச் செடியின் குணம் அதன் வாரிசுக்கு எப்படிப் போகிறது என்று மெண்டல் சொன்னார். ஆனால் ஆயிரக்கணக்கான உயிர்கள் சேர்ந்த ஒரு கூட்டத்தில், தலைமுறை தலைமுறையாக ஒரு குணம் எந்த வேகத்தில் பரவும்? 1924 முதல் எழுதிய தொடர் கட்டுரைகளில் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். மான்செஸ்டர் பக்கம் ஆலைப் புகை படிந்த காலத்தில், வெளிர்நிற அந்துப்பூச்சிகள் இருந்த இடத்தில் கறுப்புப் பூச்சிகள் ஐம்பது வருஷத்தில் நிறைந்துவிட்டன. அப்படியானால் கறுப்புப் பூச்சி மற்றதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாரிசுகளை விட்டிருக்க வேண்டும் என்றது அவர் கணக்கு. ஃபிஷர், ரைட், ஹால்டேன் மூவரும் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் இன்றைய மக்கள்தொகை மரபியல் நிற்கிறது. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தமிழக மக்களின் மரபணுக்களை ஆராய்ந்ததும் அந்த அஸ்திவாரத்தில்தான்.

மேதை என்றால் தவறே செய்யாதவரா? இல்லை. கம்யூனிஸ்டாக இருந்த ஹால்டேன், சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலையே நசுக்கியபோது வெளிப்படையாகக் கண்டிக்காமல் பல வருஷம் மழுப்பினார். மரபியல் அறிஞர் வாவிலோவ் 1943-ல் சிறையில் இறந்தே போனார். ஹால்டேன் வாழ்க்கையில் அது ஒரு கறைதான்.

1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டி ஜிப்பா, சைவச் சாப்பாடு, பிறகு இந்தியக் குடியுரிமை! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று அவர் அழவில்லை. கண்ணும் நோட்டும் பென்சிலும் போதும், வாசலில் இருப்பதை எண்ணுங்கள் என்பதே அவர் கொள்கை.

அந்த ஆய்வுக்கூடத்து ஆட்களைப் பாருங்கள். ஆந்திர இளைஞர் துரோணம்ராஜு, நம்ம உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சிகளை எண்ணினார். எஸ்.கே. ராய் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். டி.ஏ. டேவிஸ், தென்னை மரத்தில் ஓலைகள் இடப்பக்கம் சுற்றி ஏறுகின்றனவா, வலப்பக்கமா என்று எண்ணினார். அது பரம்பரையாக வருவதில்லை என்று கண்டார். டேவிஸ் பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரிலேயே ஓர் ஆய்வு மையம் நடத்தினார். ஜெயகர், ஹெலனோடு சேர்ந்து ஆள்காட்டிக் குருவியைக் கவனித்தார். ஹால்டேனோடு சேர்ந்து கணக்கும் போட்டார்.

துரோணம்ராஜு இன்னொன்றையும் எண்ணினார். ஆந்திராவில் எத்தனை பேர் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டியிருக்கிறார்கள் என்று. இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. எங்க அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை!

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. ஒன்று பழுதானால் பெரும்பாலும் மற்றது வேலையை ஓட்டிவிடும், வண்டியில் ஸ்டெப்னி மாதிரி. சொந்தத்தில் கட்டினால் இரண்டும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக வந்துவிடலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமன் என்றால் எட்டில் ஒன்று. அப்போ நான் எட்டில் ஒன்று! அதற்காக எனக்கு நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஆபத்து கூடுதல் என்பது உண்மை.

போன லீவில் அக்காவுக்கும் தாய்மாமனுக்கும் பேச்செடுத்தார்கள். நான் நோட்டை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். டிப்ளமோ படிக்கிற பயல் டாக்டர் மாதிரி பேசுறானே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்து ஒரு மாதத்தில் போன குழந்தையை நினைத்தார்களோ என்னவோ! அது எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது, நானும் சொல்ல முடியாது. பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் அன்று முதல்முறையாக அக்காவை உட்காரவைத்து, உனக்கு இஷ்டமா என்று அம்மா கேட்டார்கள்.

ஹால்டேன் 1962-ல் புவனேஸ்வரத்துக்குப் போய், ஒரிசா அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். புற்றுநோயால் 1964 டிசம்பர் 1-ல் அங்கேயே காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. சிறு வயதில் சுரங்கத்தில் உடம்பால் பாடம் படித்தவர், கடைசியில் உடம்பையே பாடமாகக் கொடுத்துவிட்டார்!

நண்பர்களே, டிகிரி இல்லையே என்று நமக்குள் ஒரு தாழ்வு இருக்கிறது. எனக்கும் இருந்தது. அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, உங்க வீட்டு வாசலில் எண்ணாமல் கிடப்பது எது என்று பாருங்கள். லீவு விட்டதும் நான் உண்ணிச்செடிக்கு முன்னால் உட்காரப் போகிறேன். நோட்டு வாங்கியாச்சு!