கடனாளிகளை அங்கத்தவர்களாக்கியவர்: கோ. நடேசய்யர்

மலையகத்தில் கோ. நடேசய்யரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி என்று மேடையில் சொல்வார்கள், படத்துக்கு மாலை போடுவார்கள், அடுத்த பேச்சாளரை அழைப்பார்கள். அவர் ஹட்டனில் கட்டிய சங்கம் ஏன் தேவைப்பட்டது, ஏன் நிலைக்கவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போருக்குப் பின் வன்னியில் செய்தி சேகரிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன. 1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அங்கே நிறையச் சந்தித்திருக்கிறேன். தோட்டத்தில் தொடங்கிய அவர்களின் கதையை விளங்கிக்கொள்ள நடேசய்யரிடம் போகவேண்டியிருக்கிறது.

அவர் தோட்டத்தில் பிறந்தவர் அல்ல. 1887இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். வர்த்தகர்களுக்காக ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். வணிகத் தொடர்பு அவரை இலங்கைக்கு அழைத்துவந்தது. இங்கே தன் ஊர்ப்பக்கத்து ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க விரும்பினார். வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் என்று துரை வழக்குப் போடக்கூடிய காலம் அது. ஆகவே புடவை வியாபாரியாக வேடம் போட்டு, துணி மூட்டையோடு லயன்களுக்குள் போனார்.

அங்கே அவர் கண்டது கடன். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் தலையில் கடனாக எழுதினான். அந்தக் கடன் தொகையைத் தாங்கிய ‘துண்டு’ என்ற காகிதம் இல்லாமல் இன்னொரு தோட்டம் ஆளை எடுக்காது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கங்காணியின் பிடி தளரவில்லை. தொழிலாளியின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது, கங்காணியின் கடன் கணக்கில் இருந்தது, அரிசிக் கணக்கில் இருந்தது. மூன்றும் அவனிடமிருந்து வரவேண்டியதைக் குறித்துவைத்த ஏடுகள். அவனுக்கு வரவேண்டியதைக் கேட்க ஓர் ஏடும் இல்லை.

நடேசய்யர் முதலில் பத்திரிகையைத்தான் கையில் எடுத்தார். 1921இல் கொழும்பில் ‘தேசநேசன்’ ஆசிரியரானார். 1924இல் ‘தேசபக்தன்’ வந்தது. தோட்டத்துக் கொடுமைகள் அச்சில் ஏறின. ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, சிங்களத் தொழிலாளரோடு ஒரே மேடையில் நின்றார். 1925 முதல் 1931 வரை சட்டநிரூபண சபையில் இந்தியர்களின் பிரதிநிதியாக இருந்தார். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் நிறைவேறியதும் அந்தக் காலத்தில்தான். அதன்படி உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயமானது. ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்தவர்களுக்கு இரண்டு விலை.

1920களின் இறுதியில் குணசிங்கவின் பேச்சு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. வேலையில்லாத் திண்டாட்டம் தலையெடுத்தபோது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் வெளியிலிருந்து வந்த ஏழைகளே. நடேசய்யர் அங்கிருந்து விலகினார். கொழும்பிலிருந்துகொண்டு தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்தவர், 1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தார்.

பிழைக்கப் போன இடத்தில் ஏழைகள் சங்கம் கட்டுவது நம்மவர்களுக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஐரோப்பாவின் மலைக் கிராமங்களிலிருந்து அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் போன ஸ்லோவாக் மக்கள், 1890இல் பிற்ஸ்பேர்க் நகரில் ஸ்லோவாக் தேசிய சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கிவைத்த பீற்றர் ரொவ்னியானெக்கும் ஒரு பத்திரிகையாளர்தான். அங்கத்தவர்கள் சந்தா கட்டினார்கள். ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குச் சங்கம் பணம் கொடுத்தது. நம் தோட்டங்களில் இன்றும் இயங்கும் மரண உதவிச் சங்கங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் நகரில் குடியிருந்த ஸ்லோவாக் தொழிலாளி வேலை முடிந்ததும் தெருவில் இறங்கிக் கூட்டத்துக்குப் போகலாம். நம் தொழிலாளி குடியிருந்த லயனும் நடந்த பாதையும் கும்பிட்ட கோயில் நிலமும் துரையின் எல்லைக்குள் இருந்தன. ஹட்டன் நகரம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. நடேசய்யர் அந்த நகரைத் தேர்ந்தெடுத்ததன் அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்குகிறது. சங்கத்தில் பெயர் பதிந்தபோது, தொழிலாளியின் பெயர் முதல் தடவையாகக் கடன்காரனின் ஏட்டுக்கு வெளியே எழுதப்பட்டது.

அந்தக் கூட்டங்களுக்கு ஆட்களை இழுத்தவர் அவர் மனைவி மீனாட்சியம்மாள். எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகை எட்டாது, பாட்டு எட்டும். தொழிலாளரின் துன்பத்தைத் தெரிந்த மெட்டுகளில் பாட்டாக எழுதி, மேடையேறிப் பாடி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டும் பரப்பினார். பெண்கள் பொதுமேடையில் தோன்றுவதே அரிதான காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் கதையை இன்னொரு பெண்ணின் குரலில் கேட்டார்கள். இவர் இல்லாமல் நடேசய்யரின் வரலாறு பாதிதான்.

ஆனால் சம்மேளனம் பிறந்த நேரம் கெட்ட நேரம். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்தது. தோட்ட முதலாளிகள் குறைந்தபட்சச் சம்பளத்தையே வெட்டினார்கள். நடேசய்யர் எதிர்த்துப் பேசினார், எழுதினார். துரைமார் அவரைத் தோட்டத்துக்குள் விடவில்லை. அவர் கூட்டத்துக்குப் போனவனுக்கு வேலை போகும் என்ற பயம் லயன்களில் நிலைத்திருந்தது. வயிற்றுக்கே போதாத சம்பளத்தில் சந்தா கட்டுவது எப்படி? சம்மேளனம் சில வருடங்களிலேயே தளர்ந்தது. தோட்டத்துக்குள் அதற்கென்று வேர்விட்ட தலைவர்கள் உருவாகவில்லை. எல்லாம் ஒரு மனிதரின் கால்களையும் பேனாவையும் நம்பியிருந்தன.

அந்த மனிதர் ஓயவில்லை. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த வருடம் முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தபோது மலைநாடு வேலைநிறுத்தங்களால் அதிர்ந்துகொண்டிருந்தது. காங்கிரஸின் தொழிற்சங்கம் தோட்டந்தோறும் கிளை பரப்பியது. அவர் முதலில் வெட்டிய பாதையில் அவரைத் தாண்டிப் பெரிய கூட்டம் நடந்தது. 1947 பொதுத் தேர்தலில் தோற்றார். அதே வருடம் நவம்பரில் காலமானார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. டொனமூர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கும் வாக்கு வேண்டும் என்று வாதாடியவர் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. அந்தக் கணக்கில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, தொகை மட்டும் இருந்தது.

போரில் இடம்பெயர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் தொலைந்தவர்களுக்கு, ஒரு பதிவேட்டில் பெயர் இருப்பதன் பெறுமதி தெரியும். உறவினரின் பெயரை எந்தப் பட்டியலிலாவது காணமாட்டோமா என்று அலைபவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

நடேசய்யரின் சம்மேளனம் இரண்டு பாடங்களை விட்டுச்சென்றது. ஏழைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்ளும் இடம் ஒன்று வேண்டும். அந்த ஏட்டைத் தங்கள் கையிலேயே வைத்திருக்கவும் வேண்டும். முதலாவதை அவர் செய்துகாட்டினார். இரண்டாவது அவர் காலத்தில் கைகூடவில்லை. இன்று சங்கங்களுக்குக் குறைவில்லை. தோட்டத்தில் சந்தா சம்பளத்திலேயே கழிபட்டு வந்தது. வன்னிக் கிராமங்களில் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் என்று பல இருக்கின்றன. அவற்றின் கணக்கை அங்கத்தவர் ஒருவர் கேட்டால் காட்டுவார்களா, தலைவரை அவர்கள் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அடுத்த தடவை அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் அந்த மேடையிலேயே இதற்குப் பதில் சொன்னால் நல்லது.