தன் பெயரை முன்னால் வைக்காத டாக்டர் ஐடா

நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்க முடிவு செய்தபோது, யார் பெயர் முதலில் வரணும் என்பதற்கே இரண்டு கூட்டம் போச்சு. நானும் அதில் சத்தம் போட்டவள்தான். கடன் வாங்கிக் கொடுத்தது நான், ஆபீஸுக்கு நடையாய் நடந்தது நான் என்று சொன்னேன். அப்புறம் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் பற்றிப் படிச்சேன். மலருக்கு ஏதாவது எழுதுங்க அக்கா என்று கேட்டதும் அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாங்க.

ஐடா 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவரும் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு இந்த ஊர் வேண்டாம், டாக்டர் வேலையும் வேண்டாம். அமெரிக்காவில் படித்து அங்கேயே இருந்துவிட நினைத்தார். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் 1890ல் திண்டிவனம் வந்தார்.

ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிமாரும் பிரசவ வலியில் துடிக்கிறார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆம்பளை டாக்டர் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஐடா வந்தால் போதும் என்றார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிரசவத்தில் செத்துப் பிழைத்த நமக்கு இதை விளக்கிச் சொல்லணுமா?

அவர் அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1899ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900ல் வேலூர் வந்தபோது கையில் 10,000 டாலர் நன்கொடை இருந்தது. கொடுத்தவர் ஷெல் என்ற நியூயார்க் பணக்காரர். 1902ல் 40 படுக்கையோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தபோது, அந்தப் பணக்காரரின் இறந்துபோன மனைவி மேரி டேபர் ஷெல் பெயரைத்தான் அதுக்கு வைத்தார்கள். ஓடி ஓடி உழைத்தது ஐடா. பெயர் இன்னொருத்தருடையது. இன்றைக்கு வேலூரில் ஐடா ஸ்கடர் ரோடு இருக்கு, அது ஊர் வைத்த பெயர்.

மாட்டு வண்டியில், பிறகு காரில், கிராமம் கிராமமாய்ப் போய் ரோட்டோரத்திலேயே வைத்தியம் பார்த்தார். ஒரு ஆளால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909ல் நர்ஸ் பயிற்சி, 1918ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. பொம்பளைப் பிள்ளைகள் யார் வந்து படிப்பாங்க என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1922ல் முதல் அணி பரீட்சை எழுதியது. 14 பேரும் பாஸ்.

பெயரை விட்டது பெரிய விஷயமில்லை என்றுகூடச் சொல்லலாம். அதைவிடக் கஷ்டமானது பிறகு வந்தது. 1930களின் கடைசியில், பழைய எல்.எம்.பி. படிப்பு போதாது, இனிமேல் எம்.பி.பி.எஸ். நடத்தணும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. படுக்கைகள் அதிகம் வேணும், பேராசிரியர்கள் வேணும், பெரிய செலவு. எழுபது வயதில் ஐடா திரும்ப அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கை நீட்டினார். அப்போது ஒரு யோசனை வந்தது: ஆண்களையும் சேர்த்து, எல்லா மிஷன்களும் ஒன்றாக நடத்தினால் கல்லூரி பிழைக்கும்.

ஐடா உயிரைக் கொடுத்து வளர்த்தது பெண்களுக்கான கல்லூரி. பணம் கொடுத்ததும் பெரும்பாலும் அமெரிக்கப் பெண்கள்தான். பல வருஷமாய் அவருக்குத் தோள் கொடுத்து நிதி திரட்டிய லூசி பீபாடி இந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தார். எனக்கும் படிக்கும்போது கோபம் வந்தது. நாம உருவாக்கின இடத்தில் ஆம்பளைங்க எதுக்கு என்றுதான் தோன்றியது. ஐடாவும் சட்டென்று முடிவெடுக்கவில்லை, மனசு ரொம்பக் குழம்பித்தான் இருந்தார். நான் ஆரம்பித்தது, நான் நினைத்தபடியே இருக்கணும் என்று நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லூரிதான் மூடிப்போயிருக்கும். கடைசியில் ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார். நெருங்கிய தோழியின் வருத்தத்தையும் தாங்கிக்கொண்டார்.

1942ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1946ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். 1947ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். பின்னர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டர் தலைமைக்கு வந்தார். அதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு, 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா கண் மூடினார். அந்தக் கல்லூரியைத்தான் நாம சி.எம்.சி. என்கிறோம்.

நம்ம கல்வெட்டு இன்னும் ஆபீஸ் மூலையில் சாய்ந்து நிற்குது. அடுத்த கூட்டத்தில் என் பெயரை எடுத்துடுங்க என்று சொல்லலாம்னு இருக்கேன். சொல்லும்போது குரல் நடுங்காமல் இருக்கணும்.