அடிகளாரை ஆட்கொண்ட நூல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே வெற்றிலைக் கொடியாலும் பிள்ளையார் கோயிலாலும் பெயர்பெற்று விளங்குவது நம் களுதாவளை. அவ்வீதியிலேயே தெற்கு நோக்கிச் சென்று கல்முனையைக் கடந்தால் காரைதீவு வரும். அங்கே 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் மயில்வாகனன் என்று பெயரிட்டனர். பின்னாளில் விபுலாநந்த அடிகள் என்று தமிழுலகம் போற்றியது அம்மகவையே.

அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார்கள். ஏட்டுச் சுவடிகளில் முடங்கிக் கிடந்த பெருங்காப்பியம் எல்லார் கைக்கும் எட்டிய ஆண்டும், அந்நூலுக்குத் தம் வாழ்வில் பெரும்பகுதியைக் கொடுக்கப்போகும் மகனார் பிறந்த ஆண்டும் ஒன்றாயின. இது தற்செயலே. ஆயினும் நினைக்குந்தோறும் நமக்கு இனிக்கின்றது.

அடிகளாரின் வரலாற்றை நம் இளைஞர் பள்ளிப் பாடத்திற் படித்திருப்பர். பெரியோர் விழாக்களிற் கேட்டிருப்பர். துறவு, கல்விப்பணி, பேராசிரியப் பதவி ஆகியவற்றையெல்லாம் மறுபடியும் விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. ஒரு நூல் ஒரு மனிதரை எவ்வாறு பற்றிக்கொண்டது, எவ்வளவு காலம் விடாது நின்றது என்பதையே ஈண்டுக் காண விழைகின்றோம்.

மட்டக்களப்பு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணகி புதியவள் அல்லள். வைகாசித் திங்களில் அம்மன் கோயிற் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி செய்து முடியும் வரை ஊர் முழுவதும் அவள் பெயரே பேச்சு. காரைதீவிலும் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. ஆகவே மயில்வாகனன் என்ற சிறுவன் இளங்கோவடிகளின் நூலைக் கையிலெடுக்குமுன்னரே அதன் கதையைக் காதாற் கேட்டு வளர்ந்தவன் என்று கொள்ளுதல் பிழையாகாது. நூற்பற்று என்பது அச்செழுத்திலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதில்லை. பந்தலில் அமர்ந்து கேட்டதும் ஒரு வாசிப்பே.

கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். 1911, 1912ஆம் ஆண்டுகளிற் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது தென்கோவைப் பண்டிதர் கந்தையபிள்ளையவர்களை அடுத்துப் பழந்தமிழ் நூல்களைக் கேட்டார். பகலில் ஆசிரியப் பயிற்சி, ஓய்ந்த வேளையில் தமிழ். பின்னர் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதற் சித்தியெய்தியவர் அவரே என்பர். யாழ்ப்பாணத்திற் பௌதிகம் முதலியன கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் எய்தினார்.

இவ்விரண்டு கல்வியும் ஒருவரிடத்தே கூடியதை இளைஞர்கள் சிறிது நின்று நோக்குக. விஞ்ஞானம் கற்றவன் தமிழை விட்டுவிடுவதும், தமிழ் கற்றவன் கணிதத்தைக் கண்டு அஞ்சுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. மயில்வாகனனார் இரண்டையும் விடவில்லை. அன்று அதனால் என்ன பயன் விளையும் என்று எவரும், ஏன் அவருங்கூட, அறிந்திருக்க நியாயமில்லை.

1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். துறவிக்கு நூல் எதற்கு என்று கேட்பாரும் உளர். அடிகளோ மனை துறந்தார், பொருள் துறந்தார்; நூலைத் துறக்கவில்லை. சேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டை ஆராய்ந்து, வடமொழித் தசரூபகத்தையும் உடன்வைத்து, மதங்க சூளாமணி என்னும் நாடக நூலை 1926இல் வெளியிட்டார். விவேகானந்தரின் நூல்களைத் தமிழாக்கினார். நாடு திரும்பி, 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தார்.

இனி நாம் சொல்லவந்த இடத்திற்கு வருகின்றோம்.

சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்தில் மூன்றாவதாக அமைந்தது அரங்கேற்று காதை. மாதவி முதன்முதல் அரங்கேறும் நிகழ்ச்சியைக் கூறுவது. ஆடலாசிரியன், பாடலாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன் என ஒவ்வொருவர் இலக்கணமும் வரிசையாக வரும். அவ்வரிசையில் யாழாசிரியனின் அமைதி கூறும் அடிகள் இருபத்தைந்து. அவ்வளவே. கதை தெரிய விரும்புவோர் அவற்றை எளிதிற் கடந்து போய்விடலாம். பலரும் கடந்தே போயினர். ஏனெனில் அவை கூறும் யாழ் வழக்கிழந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கருவியே இல்லாதபோது நரம்பு கட்டும் முறையைச் சொன்னால் யார்க்கு விளங்கும்?

பழைய உரைகாரர்கள் நால்வகை யாழ் கூறினர்: பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. அடியார்க்கு நல்லார் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலிய நூல்களைத் துணைக்கொண்டே உரை செய்ததாகக் குறித்தார். அச்சு வந்த காலத்தில் அந்நூல்கள் கிடைத்தற்கு அரியனவாயின. ஆக, எஞ்சிய பாட்டையும் உரையையும் வைத்தே இழந்த இசையைத் தேட வேண்டியதாயிற்று.

அடிகள் தேடினார். இந்த இடத்திலேதான் பழைய விஞ்ஞான ஆசிரியர் கைகொடுத்தார் எனலாம். இருபத்திரண்டு அலகுகளையும், நரம்புகளின் நீளத்தையும், அதிர்வெண்களின் விகிதத்தையும் கணக்கிட்டுப் பாலைகளும் பண்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையை வகுத்தார். 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தார். 1939இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதிக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராயினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஊர் மாறிற்று, பணி மாறிற்று. யாழைப் பற்றிய நினைவு மாறவில்லை. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இவ்வாராய்ச்சி நடந்ததென்பர். அந்த இருபத்தைந்து அடிகளுக்கு விரிவுரையாகத் தொடங்கியதே ஏழு இயல்கள் கொண்ட யாழ் நூலாக விரிந்தது. பாயிரவியலிற் புகுந்து ஒழிபியலில் முடிவது அது. தேவாரத்திற்கென்றே ஓர் இயலும் உண்டு. கல்லடி வாவியிற் பாடும் மீனின் ஓசையைக் கருவாகக் கொண்ட பாடலும் அதில் இடம்பெற்றது. நம் வாவியை அடிகள் எங்குச் சென்றும் மறந்தாரில்லை.

அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு ஆனித் தொடக்கத்துக்கு முன், யூன் 5, 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் வெள்ளப்பெருக்கில் ஓடம் ஏறிய தலம் அது. அவருடன் யாழேந்திச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அடிகளின் கணக்கின்படி செய்யப்பெற்ற யாழ்க் கருவிகள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டு, சபையில் வாசிக்கப்பெற்றன. ஏட்டில் மட்டும் இருந்த பெயர் செவிக்கு இனிய ஒலியாயிற்று. அடிகள் அப்போது நோயால் மெலிந்திருந்தார். அரங்கேற்றம் நிகழ்ந்து ஆறு வாரம் கழிந்து, யூலை 19ஆம் நாள், தமது ஐம்பத்தைந்தாம் வயதிற் கொழும்பில் இறையடி சேர்ந்தார். கல்லடியில் அவர் கட்டிய பள்ளியின் முற்றத்திலேயே சமாதி அமைந்துள்ளது.

யாழ் நூலின் முடிபுகள் அனைத்தையும் பின்வந்த இசையறிஞர் ஒருங்கே ஏற்றுக்கொண்டார் என்பதில்லை. அதனாற் குறைவொன்றும் இல்லை. மறுத்துரைக்கவும் அவர் நூலைப் படித்தே ஆகவேண்டும் அன்றோ?

ஆனால் நாம் படித்தோமா? இவ்விடத்தில் நம் குறையையும் ஒளியாது சொல்லிவிடுகின்றோம். ஆண்டுதோறும் அடிகளாரின் படத்திற்கு மாலை சூட்டுகின்றோம். பேச்சுப் போட்டி வைத்துப் பரிசும் வழங்குகின்றோம். அவர் எழுதிய நூலோ அலுமாரியில் அட்டை மடங்காமற் புதிதாகவே இருக்கின்றது. நம்மிற் சிலர் ஒருமுறை துணிந்து யாழ் நூலைத் திறந்தோம். இசைநரம்பியலிற் கணக்கு வந்ததும் மூடி வைத்துவிட்டோம். பின்னர் ஒரு முதியவர், வாசலிலிருந்து புகாமற் கூரை வழியே இறங்கினால் அப்படித்தான் ஆகும் என்று நகைத்தார். அரங்கேற்று காதையை முதலிற் படியுங்கள் என்றார்.

அவர் சொன்னபடியே இப்பொழுது தொடங்கியிருக்கின்றோம். கோயில் மண்டபத்தின் வடபுறத்தில், ஞாயிறு மாலையில், தேவாரம் முடிந்தபின் சிலராய்க் கூடி உரையுடன் படிக்கின்றோம். ஆடலாசிரியனைக் கடந்து, தண்ணுமையோனையும் கடந்து, இப்பொழுது குழலோனிடத்தில் நிற்கின்றோம். யாழாசிரியன் அடுத்து வருகின்றான். கணிதம் கற்ற பிள்ளைகள் இரண்டொருவர் வந்தமர்ந்தால் நன்றாயிருக்கும்.